ஒரே முறையா, பல முறைகளா? கருத்தடைத் தெரிவும் தாயின் உடல்நலமும்

மாணவர்களே, இந்த வாரம் வீட்டில் ஒரு சிறிய கணக்கெடுப்பு நடத்துங்கள். உங்கள் பாட்டியுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர்? உங்கள் அம்மாவுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர்? உங்களுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர்? மூன்று எண்களையும் வரிசையாக எழுதுங்கள்.

கோல சிலாங்கூர், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று நம் வட்டாரத்தில் எந்த ஊரில் கேட்டாலும் பெரும்பாலான வீடுகளில் அந்த எண்கள் இறங்கிக்கொண்டே வருவதைப் பார்ப்பீர்கள். நாடு முழுவதும் இதே போக்குதான். 1957இல் மலேசியப் பெண் ஒருவர் தம் வாழ்நாளில் சராசரியாக ஆறு பிள்ளைகளுக்கு மேல் பெற்றார். 2022இல் அந்தச் சராசரி 1.6 ஆகிவிட்டது.

இந்த மாற்றத்துக்குக் காரணங்கள் பல. பெண்கள் கூடுதலாகப் படித்தார்கள். திருமண வயது உயர்ந்தது. பிறந்த குழந்தைகள் இறக்காமல் பிழைத்தன. கருத்தடை முறைகள் கைக்கு எட்டியதும் ஒரு காரணம். படிவம் 1 அறிவியல் பாடத்தில் மனித இனப்பெருக்கம் பற்றிப் படித்தபோது இந்த முறைகளின் பெயர்களை நீங்கள் அறிந்திருப்பீர்கள். மாத்திரை, ஊசி, ஆணுறை, கருப்பையில் வைக்கும் செப்புச் சாதனம், கையில் தோலுக்கடியில் வைக்கும் மெல்லிய குச்சி, அறுவைச் சிகிச்சை ஆகியவை முக்கியமானவை.

பாடநூல் இவற்றை ஒரு பட்டியலாகத் தருகிறது. நாம் இன்று கேட்கப் போவது அந்தப் பட்டியலைப் பற்றிய கேள்வி. ஒரு கிளினிக்கில் ஒரே ஒரு முறை மட்டும் கிடைப்பதற்கும், ஐந்தாறு முறைகள் கிடைப்பதற்கும் உடல்நலத்தில் வேறுபாடு உண்டா? உண்டு என்றால், அதை எப்படி நிரூபிப்பது?

மாத்திரையில் தொடங்கிய கதை

நம் மாநிலத்துக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. 1953இல் சிலாங்கூரில் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியது. மற்ற மாநிலங்களின் சங்கங்களும் சேர்ந்து 1958இல் ஒரு கூட்டமைப்பு உருவானது. 1966இல் நாடாளுமன்றம் குடும்பத் திட்டச் சட்டத்தை இயற்ற, தேசியக் குடும்பத் திட்ட வாரியம் அமைந்தது. அடுத்த ஆண்டு சேவை தொடங்கியது. இன்று அந்த அமைப்பு தேசிய மக்கள் தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் என்ற பெயரில் இயங்குகிறது.

தொடக்க ஆண்டுகளில் அத்திட்டத்தில் சேர்ந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர் எடுத்துக்கொண்டது கருத்தடை மாத்திரையைத்தான். மாத்திரை நல்ல மருந்துதான். ஆனால் அதைத் தினமும் தவறாமல் உட்கொள்ள வேண்டும். அட்டை தீருமுன் அடுத்த அட்டை கையில் இருக்க வேண்டும். விடியுமுன் எழுந்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, பிரட்டுக்குப் போய், பால்மரக் காட்டில் நண்பகல்வரை வேலை செய்யும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். கிளினிக் திறந்திருக்கும் நேரமும் அவர் வேலை நேரமும் ஒன்றே. ஒரு வாரம் மாத்திரை தீர்ந்துபோனால் என்ன ஆகும்? மாத்திரை அவர் உடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் தலைவலி வந்தால் என்ன ஆகும்? வேறு முறை இல்லையென்றால், அவர் எந்த முறையும் இல்லாத நிலைக்குத் திரும்புவார்.

ஒரே அளவுக் காலணி

பள்ளித் தொடக்கத்தில் ஒரு கடையில் 6ஆம் எண் காலணி மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலணி தரமானதுதான். ஆனால் 4ஆம் எண் கால் உள்ளவருக்கும் 8ஆம் எண் கால் உள்ளவருக்கும் அதனால் பயனில்லை. கருத்தடை முறைகளும் அப்படித்தான்.

உலகச் சுகாதார நிறுவனம் இதற்கென்றே ஒரு மருத்துவ வழிகாட்டியை 1996 முதல் வெளியிட்டு வருகிறது. ஒவ்வொரு முறையையும் ஒவ்வோர் உடல்நிலையோடு பொருத்திப் பார்த்து 1 முதல் 4 வரை எண் கொடுக்கிறது. 1 என்றால் தடையின்றிப் பயன்படுத்தலாம். 2 என்றால் பெரும்பாலும் தீமையைவிட நன்மை அதிகம். 3 என்றால் பெரும்பாலும் நன்மையைவிட ஆபத்து அதிகம். 4 என்றால் பயன்படுத்தவே கூடாது.

சில எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். ஒரு பெண்ணின் இரத்த அழுத்தம் 160/100 அல்லது அதற்கு மேல் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கலந்த வழக்கமான மாத்திரைக்கு அவருக்குக் கிடைக்கும் எண் 4. காரணம், ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. உயர் இரத்த அழுத்தத்தோடு சேரும்போது பக்கவாதம், மாரடைப்பு ஆகியவற்றின் ஆபத்து உயர்கிறது. அதே பெண்ணுக்குச் செப்புச் சாதனம் என்றால் எண் 1. அதில் ஹார்மோன் எதுவும் இல்லை.

குழந்தை பெற்று ஆறு வாரம்கூட ஆகாத, தாய்ப்பால் கொடுக்கும் ஒரு தாய்க்கும் அந்த மாத்திரை 4தான். மாறாக, மாதவிடாயில் அதிக இரத்தம் இழந்து இரத்தச்சோகையால் சோர்ந்திருக்கும் பெண்ணுக்குச் செப்புச் சாதனம் இரத்தப்போக்கைக் கூட்டக்கூடும். அவருக்கு மாத்திரை இரத்தப்போக்கைக் குறைத்து உதவலாம்.

ஒருவருக்கு மருந்தாக இருப்பது இன்னொருவருக்கு ஆபத்தாகலாம் என்பது இதிலிருந்து புரிகிறது. எனவே 'எது மிகச் சிறந்த முறை?' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. 'இவருக்கு இப்போது எது பொருந்தும்?' என்றே கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல, அலமாரியில் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் இருக்க வேண்டும்.

100 பேரை வைத்து ஒரு கணக்கு

இப்போது பென்சிலை எடுங்கள். இந்த ஆண்டு கருவுற விரும்பாத 100 பெண்கள் ஓர் ஊரில் இருப்பதாகக் கற்பனை செய்வோம். பெண்களின் எண்ணிக்கை நம் கற்பனை. ஆனால் முறைகளின் தோல்வி அளவு உண்மையானது. அன்றாட வாழ்வில் மக்கள் பயன்படுத்தும் விதத்தில் பயன்படுத்தினால், ஓராண்டில் மாத்திரை எடுப்பவர்களில் 100க்கு ஏறத்தாழ 7 பேர் கருவுறுகிறார்கள். ஊசி என்றால் 4 பேர். செப்புச் சாதனம் என்றால் ஒருவருக்கும் குறைவு, 0.8. எந்த முறையும் இல்லையென்றால் ஏறத்தாழ 85 பேர்.

முதல் நிலை: ஊரில் மாத்திரை மட்டுமே கிடைக்கிறது. 50 பேர் எடுக்கிறார்கள். மற்ற 50 பேருக்கு அது பொருந்தவில்லை, அல்லது நிறுத்திவிட்டார்கள். மாத்திரை எடுக்கும் 50 பேரில் 3.5 பேரும், எந்த முறையும் இல்லாத 50 பேரில் 42.5 பேரும் கருவுறுவார்கள். மொத்தம் 46.

இரண்டாம் நிலை: ஊசியும் செப்புச் சாதனமும் வருகின்றன. மாத்திரை எடுத்த 50 பேர் அப்படியே தொடர்கிறார்கள். வெளியே நின்ற 50 பேரில் 20 பேர் ஊசியையும் 10 பேர் சாதனத்தையும் தெரிவு செய்கிறார்கள். 20 பேர் இன்னும் வெளியே. கணக்கு: 3.5 + 0.8 + 0.08 + 17. மொத்தம் ஏறத்தாழ 21. திட்டமிடாத கருத்தரிப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

மூன்றாம் நிலைதான் கவனிக்க வேண்டியது. ஊசி வருகிறது. ஆனால் வெளியே நின்றவர் ஒருவரும் வரவில்லை. ஏற்கெனவே மாத்திரை எடுத்தவர்களில் 30 பேர் ஊசிக்கு மாறுகிறார்கள், அவ்வளவுதான். கணக்கு: மாத்திரையில் தொடரும் 20 பேரில் 1.4, ஊசிக்கு மாறிய 30 பேரில் 1.2; வெளியே நிற்கும் 50 பேரில் 42.5. மொத்தம் ஏறத்தாழ 45.

46க்கும் 45க்கும் என்ன வேறுபாடு? ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். இரண்டாம் நிலையிலும் மூன்றாம் நிலையிலும் பட்டியல் நீண்டது. ஆனால் இரண்டாம் நிலையில் மட்டுமே பலன் கிடைத்தது. இந்தக் கணக்கு சொல்லும் பாடம் இதுதான்: புதிய முறை எத்தனை பேரைக் கவர்ந்தது என்பதைவிட, இதுவரை வெளியே நின்றவர்களில் எத்தனை பேரை உள்ளே கொண்டுவந்தது என்பதே முக்கியம்.

மத்லாப் கிராமங்கள் காட்டிய பாடம்

காகிதக் கணக்கு போதாது. உண்மையில் யாராவது செய்து பார்த்தார்களா? பார்த்தார்கள். வங்காளதேசத்தில் சாந்த்பூருக்கு அருகே மத்லாப் என்ற ஆற்றோரப் பகுதி இருக்கிறது. காலரா ஆராய்ச்சிக்காக அங்கு ஓர் ஆய்வு நிலையம் இருந்தது. 1966 முதல் அங்குள்ள ஒவ்வொரு கிராமத்திலும் பிறப்பு, இறப்பு, இடம்பெயர்வு எல்லாம் வீடு வீடாகப் பதிவு செய்யப்பட்டன. ஏழைக் கிராமப்புறம் ஒன்றில் இவ்வளவு துல்லியமான பதிவு உலகிலேயே அரிது. அதனால் அங்கு செய்த எந்த மாற்றத்தின் விளைவையும் அளக்க முடிந்தது.

1975இல் முதல் முயற்சி நடந்தது. கிராமப் பெண்கள் வீடு வீடாகப் போய் மாத்திரையைக் கொடுத்தார்கள், ஆணுறையும் கொடுத்தார்கள். பயன்படுத்துவோர் எண்ணிக்கை சில மாதங்களில் வேகமாக ஏறியது. பிறகு இறங்கியது. பக்க விளைவு வந்தபோது விளக்கம் சொல்லவோ, வேறு முறை கொடுக்கவோ ஆளில்லை. பலர் நிறுத்திவிட்டார்கள்.

1977 அக்டோபரில் திட்டத்தை மாற்றி அமைத்தார்கள். 70 கிராமங்களில் மாத்திரை, ஆணுறை ஆகியவற்றோடு ஊசி, கருப்பைச் சாதனம், அறுவைச் சிகிச்சை என எல்லா வழிகளும் திறக்கப்பட்டன. 79 கிராமங்களில் அரசின் வழக்கமான சேவை மட்டும் தொடர்ந்தது. அவை ஒப்பிடுவதற்கு. அறிவியல் கூடத்தில் நீங்கள் சோதனைக் குழாய் ஒன்றில் மாற்றம் செய்து, இன்னொன்றை அப்படியே வைப்பீர்கள் அல்லவா? அதே முறை.

விளைவு தெளிவாக இருந்தது. புதிய சேவை கிடைத்த கிராமங்களில் கருத்தடை பயன்படுத்துவோர் ஏறத்தாழ 7 விழுக்காட்டிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் 30 விழுக்காட்டைத் தாண்டினர். இந்த முறை ஏற்றம் சரியவில்லை, தொடர்ந்து உயர்ந்தது. ஒப்பீட்டுக் கிராமங்கள் வெகுவாகப் பின்தங்கின. பெண்களில் பலர் தெரிவு செய்தது ஊசியை. தினமும் நினைவில் வைக்கத் தேவையில்லாத, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசி அவர்கள் வாழ்க்கைக்குப் பொருந்தியது.

ஆனால் இங்கே சற்று நில்லுங்கள். நல்ல அறிவியல் மாணவர் ஒரு சந்தேகத்தை எழுப்ப வேண்டும். 1975க்கும் 1977க்கும் இடையே மாறியது முறைகளின் எண்ணிக்கை மட்டும்தானா? இல்லை. பணியாளர்களும் மாறினார்கள். முதல் முயற்சியில் பெரும்பாலும் வயதான, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள். இரண்டாம் முயற்சியில் படித்த, மணமான, தாங்களே கருத்தடை பயன்படுத்தும் இளம்பெண்கள். அவர்களுக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் கிடைத்தன. பக்க விளைவு என்றால் உடனே கவனிப்பும் கிடைத்தது. எனவே வெற்றி முழுவதையும் 'கூடுதல் முறைகள்' என்ற ஒரே காரணத்தின் கணக்கில் எழுத முடியாது. தெரிவும், அதை விளக்கிச் சொல்லும் ஆளும் சேர்ந்தே வேலை செய்தன.

கேட்டது கிடைத்தால்

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் நடந்த ஓர் ஆய்வு 1991இல் வெளியானது. அது வேறொரு கோணத்தில் பார்த்தது. கிளினிக்குக்கு வந்த பெண்கள் எந்த முறையைக் கேட்டார்கள், அவர்களுக்கு எது கொடுக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் குறித்துக்கொண்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, கேட்ட முறையே கிடைத்த பெண்களில் 9 விழுக்காட்டினர் மட்டும் அதைக் கைவிட்டிருந்தனர். கேட்டது மறுக்கப்பட்டு வேறொன்றைப் பெற்ற பெண்களில் 72 விழுக்காட்டினர் கைவிட்டிருந்தனர்.

இது மிகப் பெரிய வேறுபாடு. ஆனாலும் இது நாணயம் சுண்டிப் பிரித்த சோதனை அன்று. கேட்டது மறுக்கப்பட்டவர்கள் வேறு வகையிலும் மாறுபட்டவர்களாக இருந்திருக்கலாம்.

2013இல் வெளியான மற்றோர் ஆய்வு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் 1982 முதல் 2009 வரையிலான தகவல்களை ஒப்பிட்டது. ஒரு நாட்டில் புதிதாக ஒரு முறை குறைந்தது பாதி மக்களுக்கு எட்டும்படி கிடைத்தால், கருத்தடைப் பயன்பாடு 4 முதல் 8 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுவதை அது கண்டது. 'பாதி மக்களுக்கு எட்டும்படி' என்ற சொற்களை அடிக்கோடிடுங்கள். தலைநகரின் ஒரு மருத்துவமனையில் மட்டும் கிடைக்கும் முறை இந்தக் கணக்கில் சேராது. நம் 100 பேர் கணக்கின் மூன்றாம் நிலை நினைவுக்கு வருகிறதா?

பயன்பாடு கூடினால் உடல்நலம் கூடுமா?

இதுவரை பார்த்தது பயன்பாடு பற்றி. நாம் கேட்டதோ உடல்நலம் பற்றி. இரண்டுக்கும் இடையே உள்ள பாலத்தைச் சோதிக்க வேண்டும்.

முதலில் உயிரியல். ஒரு கர்ப்பத்துக்குத் தாயின் உடல் ஏறத்தாழ 1 கிராம் இரும்புச்சத்தைச் செலவிடுகிறது. அது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் சோறும் கீரையும் மீனும் சாப்பிட்டு அதை ஈடுகட்டப் பல மாதங்கள் பிடிக்கும். சேமிப்பு நிறையும் முன் அடுத்த கர்ப்பம் வந்தால் இரத்தச்சோகை, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகிய ஆபத்துகள் கூடுகின்றன. ஆகவே ஒரு குழந்தை பிறந்த பின் அடுத்துக் கருவுறக் குறைந்தது 24 மாதம் பொறுப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

அடுத்து, மரணங்கள். 2012இல் மருத்துவ இதழான லான்செட்டில் வெளியான ஒரு மதிப்பீடு, 2008ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் கருத்தடைப் பயன்பாடு 2,72,000 தாய்மார் மரணங்களைத் தவிர்த்தது என்று கணக்கிட்டது. கருத்தரிப்பு குறைந்தால் கருத்தரிப்பால் வரும் மரணமும் குறையும். இது எளிதில் புரியும்.

இருப்பினும் மத்லாப் பதிவுகள் ஒரு நுட்பமான உண்மையைக் காட்டின. அதைப் புரிந்துகொள்ள மீண்டும் ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு மாவட்டத்தில் 10,000 பெண்கள். ஆண்டுக்கு 2,000 பிரசவம், 10 தாய்மார் மரணம். சில ஆண்டுகள் கழித்து அதே 10,000 பெண்களிடையே 1,200 பிரசவம், 6 மரணம். பெண்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் 10,000க்கு 10 ஆக இருந்தது 6 ஆகிவிட்டது. நல்ல முன்னேற்றம். ஆனால் பிரசவங்களோடு ஒப்பிட்டால்? முன்பு 1,000 பிரசவத்துக்கு 5. இப்போதும் 5. அதாவது, கருவுற்ற ஒரு பெண்ணுக்குப் பிரசவ அறையில் காத்திருக்கும் ஆபத்து சற்றும் குறையவில்லை!

மத்லாபில் ஏறத்தாழ இதுதான் நடந்தது. பெண்களிடையே மரணம் குறைந்தது. ஒரு பிரசவத்தின் ஆபத்து பெரிதாக மாறவில்லை. அதைக் குறைக்கப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும், இரத்தம் ஏற்றவும் அறுவை செய்யவும் வசதியுள்ள மருத்துவமனைகளும் வேண்டும்.

நம் நாட்டின் வரலாறும் இதையே சொல்கிறது. 1957இல் மலேசியாவில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 280 தாய்மார் இறந்தனர். 2019இல் அது 21 அளவுக்கு இறங்கியது. இது பிறப்புகளோடு ஒப்பிட்ட எண் என்பதைக் கவனியுங்கள். கிராமங்களில் அமைந்த கிளினிக் டேசாக்கள், பயிற்சி பெற்ற தாதியர், சாலைகள், மாவட்ட மருத்துவமனைகள், 1991 முதல் ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனித்தனியே ஆராயும் நடைமுறை ஆகியவை இதில் பெரும் பங்கு வகித்தன. குடும்பத் திட்டம் அவற்றுக்குத் துணை நின்றது.

எதிர்மறையான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. தமிழ்நாட்டில் கருத்தடை என்றாலே பெரும்பாலும் பெண்களுக்கான அறுவைச் சிகிச்சைதான். 2019 முதல் 2021 வரை நடந்த இந்தியத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், அங்கு மணமான பெண்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் அம்முறையில் இருந்தனர். மாத்திரை எடுப்பவர்கள் மிகச் சிலர். தெரிவு இவ்வளவு குறுகியிருந்தும் 2018-20 காலத்தில் தமிழ்நாட்டின் தாய்மார் மரண விகிதம் ஒரு லட்சத்துக்கு 54. இந்தியச் சராசரி 97. அங்கு ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடப்பதே முக்கியக் காரணம்.

அப்படியானால் தெரிவு தேவையில்லையா? அப்படி முடிவு கட்டக் கூடாது. அறுவைச் சிகிச்சை பிள்ளைப்பேற்றை முடித்துவைக்கும் முறை. முதல் குழந்தைக்கும் இரண்டாம் குழந்தைக்கும் இடைவெளி வேண்டும் என்று நினைக்கும் 21 வயதுத் தாய்க்கு அது உதவாது. அவருடைய இரத்தச்சோகை எந்த மரணப் பதிவேட்டிலும் வராது. உடல்நலம் என்பது இறக்காமல் இருப்பது மட்டுமா என்று நீங்களே யோசியுங்கள்.

நம் வட்டாரத்தில் இன்று

'இப்போது குழந்தைகளே குறைந்துவிட்டன. இனி இதெல்லாம் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் அரசே 1984இல் மக்கள் தொகையை 7 கோடியாக உயர்த்தும் கொள்கையை அறிவித்தது. ஆனால் கருத்தடைத் தெரிவின் நோக்கம் குழந்தைகளைக் குறைப்பது மட்டுமல்ல. ஒரு குழந்தை தாயின் உடல் தயாராக இருக்கும்போது வரவேண்டும் என்பதும்தான்.

2014இல் நடந்த மலேசிய மக்கள் தொகை, குடும்ப ஆய்வின்படி, மணமான பெண்களில் 52.2 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு கருத்தடை வழியைப் பின்பற்றினர். ஆனால் நவீன முறைகளைப் பயன்படுத்தியவர்கள் 34.3 விழுக்காட்டினர் மட்டுமே. மற்றவர்கள் நாள் கணக்கு பார்த்தல் போன்ற, எளிதில் தவறிவிடும் வழிகளை நம்பியிருந்தனர்.

இதோடு இன்னோர் எண்ணைச் சேர்த்துப் பாருங்கள். 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இளம்பெண்களிடையே இந்த அளவு குறைவுதான் என்றாலும், நம் குடும்பங்களில் இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் அறிமுகமான விருந்தாளிகள். இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது கருவுற்றால், குழந்தையின் இதயமும் நரம்பு மண்டலமும் உருவாகும் முதல் வாரங்களிலேயே குறைபாடு நேரும் ஆபத்து கூடுகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே அந்த வாரங்களில் தெரியாது. ஆகவே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரும்வரை கருவுறாமல் இருப்பது மருத்துவ அவசியம். அந்தப் பெண்ணுக்கு இரத்த அழுத்தமும் சேர்ந்திருந்தால் வழக்கமான மாத்திரை பொருந்தாது. கிளினிக்கில் மாத்திரை மட்டுமே இருந்தால் அவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

இங்கேதான் பட்டியலின் நீளம் ஒரு தாயின், ஒரு குழந்தையின் உடல்நலமாக மாறுகிறது. கூடவே தூரமும் ஒரு கேள்வி. தோட்டத்தின் உட்பகுதியில் வசிப்பவருக்குக் கிளினிக்குக்கு வரப் பேருந்தோ மோட்டார் சைக்கிளோ வேண்டும். பாதி நாள் சம்பளமும் போகலாம். அவருக்கு மாதந்தோறும் வரவேண்டிய முறையும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தால் போதும் என்ற முறையும் ஒன்றல்ல. மொழியும் அப்படியே. புரியும் மொழியில் விளக்கம் கிடைக்காவிட்டால் முதல் தலைவலியிலேயே முறையைக் கைவிட்டுவிடுவார்.

தெரிவு என்றால் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதில் அடங்கும். இந்தியாவில் 1975-77 அவசரநிலைக் காலத்தில் இலக்கு வைத்து, வற்புறுத்தி அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதனால் மக்கள் குடும்பத் திட்டத்தின் மீதே நம்பிக்கை இழந்தார்கள். எண்ணிக்கை ஏறியது, நம்பிக்கை இறங்கியது. ஐந்து முறைகளை மேசையில் வைத்துவிட்டு ஒன்றை மட்டும் திணித்தால் அது தெரிவாகாது.

ஆகவே, விடை என்ன?

கருத்தடை முறைகளை விரிவாக்கினால் உடல்நலம் கூடுமா என்று கேட்டோம். கூடும், ஆனால் மூன்று நிபந்தனைகளோடு. புதிய முறை இதுவரை பொருத்தமான எதுவும் கிடைக்காதவர்களைச் சென்றடைய வேண்டும். உடல்நிலையைக் கேட்டறிந்து, நன்மை தீமைகளை உண்மையாகச் சொல்லும் பயிற்சி பெற்றவர் அங்கே இருக்க வேண்டும். கருவுற்றவருக்குப் பாதுகாப்பான பிரசவம் தனியே உறுதி செய்யப்பட வேண்டும். இந்த மூன்றும் இல்லாத வெறும் பட்டியல், பட்டியலாகவே நின்றுவிடும்.

செய்து பாருங்கள்

1. நம் 100 பேர் கணக்கில், மாத்திரை எடுக்கும் 50 பேர் அப்படியே தொடர, வெளியே நின்ற 50 பேரில் 10 பேர் மட்டும் ஊசியைத் தெரிவு செய்தால் மொத்தக் கருத்தரிப்பு எவ்வளவு?

2. 'எங்கள் மாவட்டத்தில் தாய்மார் மரணம் பாதியாகிவிட்டது' என்று ஒரு செய்தி வருகிறது. அதை நம்புமுன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி என்ன?

3. மத்லாபில் 'கூடுதல் முறைகள்' மட்டுமே காரணம் என்று நிரூபிக்க வேண்டுமானால், சோதனையை எப்படி அமைத்திருக்க வேண்டும்?

விடைகள்: முதல் கேள்விக்கு 3.5 + 0.4 + 34, அதாவது ஏறத்தாழ 38. இரண்டாவதற்கு, 'எதோடு ஒப்பிட்டு? பெண்களின் எண்ணிக்கையோடா, பிரசவங்களின் எண்ணிக்கையோடா?' என்று கேட்க வேண்டும். மூன்றாவதற்கு, இரு பகுதிகளிலும் ஒரே மாதிரியான பணியாளரும் ஒரே பயிற்சியும் இருந்து, முறைகளின் எண்ணிக்கை மட்டும் மாறியிருக்க வேண்டும். ஆனால் கிடைக்கக்கூடிய ஒரு முறையை ஆய்வுக்காகச் சிலருக்கு மறுப்பது சரியா? இந்தக் கேள்வியை வகுப்பில் ஆசிரியரோடு விவாதியுங்கள்.